பிராகிலிருந்து டிரெஸ்டனுக்கு ஒரு நாள்: தனிக் காரா, ரயிலா, பேருந்தா, வாடகைக் காரா?

பிராகில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்கு ஒரு நாள் மிச்சம் விழும்போது முதலில் கண்ணில் படுவது டிரெஸ்டன். செக் தலைநகரிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டினால் சாக்சனி, எல்பே ஆற்றங்கரையில் பழைய அரச நகரம். போவதா வேண்டாமா என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. எப்படிப் போவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கார் பேசிக்கொண்டு குடும்பத்தோடு தனியாகப் போய்வர ஒருவர் விலை சொல்லியிருப்பார். ரயில் சீட்டு அதில் கால்வாசிக்குக் கிடைக்கும். பேருந்து அதையும்விடக் குறைவு. இதற்கிடையே, 'நாமே ஓட்டிப்போனால் என்ன?' என்று வீட்டில் ஒருவர் கேட்டிருப்பார்.

விலையை மட்டும் அடுக்கிப் பார்த்தால் விடை கிடைக்காது. ஒவ்வொரு வழியும் உங்களுக்கு வேறொரு நாளைக் கொடுக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

எத்தனை பேர். ரயிலும் பேருந்தும் தலைக்குக் காசு. கார் வண்டிக்குக் காசு. இருவருக்கும் ஆறு பேருக்கும் ஒரே விடை வராது.

டிரெஸ்டன் மட்டுமா, வழியும் சேர்த்தா. பலர் கேட்காமல் விடும் கேள்வி இது. டிரெஸ்டனின் பழைய நகரம் கையடக்கமானது. ட்ஸ்விங்கர் அரண்மனை, ஸெம்பர் ஓபரா, அரச மாளிகை, ஃப்ரௌவன்கிர்ஷே தேவாலயம், ஆற்றோர ப்ரூல் மேடை எல்லாம் ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தபின் காருக்கு வேலையே இல்லை, வாகன நிறுத்தத்தில் மணிக்கணக்கில் காசு தின்றுகொண்டு நிற்கும். ஆனால் பிராகுக்கும் டிரெஸ்டனுக்கும் நடுவே சாக்சன் ஸ்விட்சர்லாந்து என்ற மணற்பாறை மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள பாஸ்டை பாலத்தையும் அதே நாளில் பார்க்க வேண்டுமென்றால் கணக்கே மாறிவிடும்.

என்ன கிழமை. ட்ஸ்விங்கரில் உள்ள ஓவியக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அரச மாளிகை அருங்காட்சியகங்கள் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஞாயிறன்று ஜெர்மனியில் கடைகள் அடைப்பு. ரயில் நிலையக் கடைகளும் உணவகங்களும் மட்டும் திறந்திருக்கும். அந்த மாளிகைக்குள் இருக்கும் அரச நகைக் கூடமான பச்சைக் கருவூலத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் செவ்வாயைத் தொடவே வேண்டாம்.

யார் நடப்பது. நொய்மார்க்ட் சதுக்கமும் சுற்றுத் தெருக்களும் கருங்கல் பாவியவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் தள்ளுவண்டிக் குழந்தையும் உடன் இருந்தால் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்த மாதம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். 'பத்து மணி நேரப் பயணம்' என்று ஒரே பெயரில் விற்பதை இந்த இரண்டு மாதத்திலும் ஒன்றாக நினைக்க முடியாது.

கையில் என்ன ஆவணம். எந்த வழியில் போனாலும் இது பொது. கீழே தனியாக எழுதியிருக்கிறோம், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | தனிக் கார், ஓட்டுநரோடு | ரயில் | பேருந்து | வாடகைக் கார் |
|---|---|---|---|---|
| ஒரு வழி நேரம் | 1¾ – 2 மணி, விடுதி வாசலிலிருந்து | 2¼ – 2½ மணி, நிலையத்திலிருந்து | சுமார் 2 மணி, எல்லையில் கூடலாம் | 1¾ – 2 மணி, கார் எடுக்கும் நேரம் தனி |
| காசு | வண்டிக்கு | தலைக்கு, முன்பதிவில் மலிவு | தலைக்கு, எல்லாவற்றிலும் மலிவு | வண்டிக்கு, உபரிச் செலவுகள் பல |
| வழியில் நிறுத்தம் | உண்டு | எல்லையோர பாட் ஷாண்டாவில் இறங்கி மாறினால் உண்டு | இல்லை | உண்டு |
| டிரெஸ்டனில் கிடைக்கும் நேரம் | ஒப்பந்த மணிநேரத்தைப் பொறுத்தது | அதிகம் | அதிகம் | உங்கள் விருப்பம் |
| மறைந்திருக்கும் செலவு | கூடுதல் மணிக்கட்டணம், நுழைவுச்சீட்டு, வழிகாட்டி | கடைசி நாள் விலை, தாமதம் | எல்லைத் தாமதம் | எல்லை தாண்டும் கட்டணம், விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு), நிறுத்தம், அபராதம் |
| பொருந்துவது | 4 – 7 பேர், பெரியவர்கள், பாஸ்டை | 1 – 3 பேர், அருங்காட்சியகம் | தனி ஆள், மாணவர் | இரண்டு நாளுக்கு மேல் சுற்றுபவர் |

## தனிக் கார், ஓட்டுநரோடு

காலையில் விடுதி வாசலுக்கு வண்டி வரும், மாலையில் அதே வாசலில் இறக்கிவிடும். பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இந்த நிம்மதிக்கு விலை உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். வழி முழுக்க நெடுஞ்சாலை: செக் பக்கம் டி8, எல்லையிலிருந்து ஜெர்மன் பக்கம் ஏ17. டி8 சாலையின் கடைசித் துண்டு 2016 டிசம்பரில் திறந்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போவது சாதாரணமாகிவிட்டது.

பத்து மணி நேர ஒப்பந்தம் நடைமுறையில் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். காலை 8:00-க்குப் புறப்பாடு. ஏ17-இல் பிர்னாவில் வெளியேறி, எல்பேயைத் தாண்டி, பாஸ்டைக்குப் போய்ச் சேரும்போது மணி 10:00. வாகன நிறுத்தத்திலிருந்து நடந்து, பாலத்தில் நின்று, திரும்பி வர ஒன்றரை மணி நேரம். 12:15-க்கு டிரெஸ்டன். மாலை 6:00-க்கு பிராகில் இருக்க வேண்டுமென்றால் 4:00-க்குக் கிளம்ப வேண்டும். டிரெஸ்டனுக்குக் கிடைப்பது மூன்றே முக்கால் மணி நேரம், மதியச் சாப்பாடும் அதற்குள். சதுக்கங்களைச் சுற்றி வந்து ஃப்ரௌவன்கிர்ஷேக்குள் போய்வர இது போதும். ஒரு பெரிய அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் போதாது. இந்தக் கணக்கை விற்பவர்கள் போட்டுக் காட்டுவதில்லை. நீங்களே தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாஸ்டை வேண்டாம் என்றால் அதே பத்து மணி நேரத்தில் டிரெஸ்டனில் ஆறு மணி நேரம் கிடைக்கும். அப்படியானால் ரயிலில் போனாலே இதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்குமே என்பதையும் யோசியுங்கள்.

பாஸ்டைக்காகத்தான் கார் என்று முடிவெடுத்தால் அது நல்ல முடிவு. எல்பேயிலிருந்து 194 மீட்டர் உயரத்தில் செங்குத்தான மணற்பாறைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றை இணைக்கும் கல்பாலம் 1851-இல் கட்டியது. வாகன நிறுத்தத்திலிருந்து போகும் பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால் பெரியவர்களாலும் காட்சிமேடை வரை போக முடியும். ஆனால் கோடைக்கால சனி, ஞாயிறுகளில் பாலத்துக்கு அருகேயுள்ள சிறிய நிறுத்தம் முற்பகலிலேயே நிரம்பிவிடும். பிறகு வருபவர்கள் தொலைவிலுள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். எனவே பாஸ்டை முதலில், டிரெஸ்டன் பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சிலர் இதே நாளில் தெரெசீனையும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார்கள், வழியில்தான் இருக்கிறது என்று. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த சேரிநகரம் அது. சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். அதை முக்கால் மணி நேர நிறுத்தமாக்கி, அங்கிருந்து நேராகச் சாப்பாட்டுக்குப் போவது சரியில்லை. பிராகிலிருந்து தனியாக ஒரு அரை நாள் ஒதுக்கிப் போங்கள்.

பேசும்போது கேட்க வேண்டியவை

- சொன்ன விலை வண்டிக்கா, ஆளுக்கா? சாலைக் கட்டணம், வாகன நிறுத்தம், ஓட்டுநர் காத்திருப்பு எல்லாம் அதில் அடக்கமா?
- மணிநேரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது: விடுதி வாசலிலிருந்தா, அவர்கள் வண்டிக்கூடத்திலிருந்தா? அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு?
- எல்லைச் சோதனையில் ஒரு மணி நேரம் போனால் அது யார் கணக்கு?
- வருபவர் ஓட்டுநர் மட்டுமா, வழிகாட்டியுமா? ஓட்டுநர் உங்களை ட்ஸ்விங்கர் வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார், அவ்வளவுதான். கூடவே நடந்து கதை சொல்ல வழிகாட்டி வேண்டுமானால் அவருக்குத் தனிக் கட்டணம்.
- குழந்தை இருக்கை தருவார்களா? செக் சட்டப்படி 150 சென்டிமீட்டருக்கும் 36 கிலோவுக்கும் கீழுள்ள குழந்தைக்கு அது கட்டாயம். வயதை மட்டும் சொன்னால் போதாது, உயரத்தையும் எடையையும் எழுதி அனுப்புங்கள்.
- நுழைவுச்சீட்டு யார் வாங்குவது? பெரும்பாலும் நீங்கள்தான்.

பிராகின் பழைய நகரத்து உட்சந்துகளில் தங்கியிருந்தால் 'விடுதி வாசல்' என்பது எந்தத் தெருமுனை என்று முதல் நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள். பல சந்துகளுக்குள் வண்டி வராது.

காசுக் கணக்கு. ஒரு நாளுக்கு வண்டி 300 யூரோ என்று சொல்லியிருக்கிறார்கள், ரயில் ஒரு வழிக்குத் தலைக்கு 20 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இருவர் போனால் காரில் தலைக்கு 150, ரயிலில் 40. நால்வர் என்றால் காரில் 75. ஆறு பேர் வேனில் போக 360 என்றால் தலைக்கு 60. அந்த இடத்தில் வித்தியாசம் 20 யூரோதான். பிராகில் விடுதியிலிருந்து நிலையத்துக்கும் திரும்பவும் ஆறு பேர் இரண்டு டாக்சியில் போகும் செலவைச் சேர்த்தால் அதுவும் சுருங்கும். உங்களுக்குச் சொன்ன விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்குக் கீழே காசுக்காகக் காரைத் தேர்ந்தெடுப்பதில் நியாயமே இல்லை. வசதிக்காக என்றால் அது வேறு பேச்சு.

## ரயில்

டிரெஸ்டனை மட்டும் நன்றாகப் பார்க்க வேண்டும், ஆட்கள் இருவர் அல்லது மூவர் என்றால் ரயில்தான் எங்கள் பரிந்துரை. பிராக் ஹ்லாவ்னி நாட்ராஷி நிலையத்தில் ஏறினால் யூரோசிட்டி வண்டி மாறாமல் டிரெஸ்டன் மத்திய நிலையத்தில் இறக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்பது அடிப்படை ஒழுங்கு, சில வேளைகளில் இடையிலும் உண்டு. காலை எட்டரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் டிரெஸ்டனில் இருப்பீர்கள். மாலை ஆறரைக்குத் திரும்பினால் நகரத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல். பாஸ்டையும் பார்த்துவிட்டுக் காரில் போகிறவர்களுக்குக் கிடைப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு.

இந்தப் பாதையின் அழகுக்காகவே ரயிலில் போகிறவர்கள் உண்டு. பிராகை விட்டதும் வல்டாவா ஆறு, பிறகு ஊஸ்தி நாட் லாபெம் நகரிலிருந்து டெச்சீன் வழியாக எல்லை தாண்டி பாட் ஷாண்டாவ், பிர்னா வரை எல்பே ஆறு, தண்டவாளத்தை ஒட்டியே வரும். போகும்போது வண்டி செல்லும் திசைக்கு வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். எல்லைக்கு அப்பால் எதிர்க்கரையில் மணற்பாறைச் சுவர்கள் எழும்பும்போது இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுந்து வந்து உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையில் போகும் காருக்கு இந்தக் காட்சி கிடையாது. அங்கே பார்ப்பது வயலும் சுரங்கச் சாலையும்தான்.

சீட்டு. முன்கூட்டி வாங்கும் மலிவுச் சீட்டு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும். அந்த வண்டியை விட்டால் சீட்டும் போச்சு. போவதற்கு மலிவுச் சீட்டும், திரும்புவதற்கு எந்த வண்டியிலும் ஏறக்கூடிய சீட்டும் வாங்குவது நல்ல உபாயம். மாலையில் கால் வலித்தால் முன்னால் கிளம்பலாம், மனம் ஒட்டிக்கொண்டால் அடுத்த வண்டிக்கு நிற்கலாம். செக் ரயில்வேயின் தளத்திலும் ஜெர்மன் ரயில்வேயின் தளத்திலும் ஒரே வண்டிக்கு வேறு வேறு விலை காட்டும். இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருக்கை முன்பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் வெள்ளி மாலையிலும், ஞாயிறு மாலையிலும், கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் முன்பதிவு இல்லாமல் ஏறினால் இரண்டரை மணி நேரம் நடைபாதையில் நிற்க நேரும்.

எங்கே சறுக்கும். காலையில் பிராகில் புறப்படும் வண்டி பெரும்பாலும் நேரத்துக்குப் போகும். மாலையில் டிரெஸ்டனுக்கு வரும் வண்டி பெர்லினிலிருந்தோ ஹாம்பர்கிலிருந்தோ வருவது. வழியில் சேர்த்த தாமதத்தையெல்லாம் சுமந்துகொண்டு வரும். அதனால் அன்றைய கடைசி வண்டியை நம்பி இருக்காதீர்கள், அதற்கு முந்தைய வண்டியைக் குறி வையுங்கள். அறுபது நிமிடத்துக்கு மேல் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்தால் சீட்டு விலையில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் உரிமை உண்டு. சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

டிரெஸ்டன் நிலையத்திலிருந்து ப்ராகர் ஷ்ட்ராஸே என்ற கடைத்தெரு வழியாக நேரே நடந்தால் ஆல்ட்மார்க்ட் சதுக்கத்துக்கு கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். வாகனம் வராத தெரு, வழி தவறவே முடியாது. நடக்க முடியாதவர்களுக்கு நிலைய வாசலிலேயே டிராம். நிலையத்தில் பைகளை வைக்க லாக்கர் உண்டு. சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், செக் குரூனா இங்கே செல்லாது.

ரயிலில் போனாலும் பாஸ்டை பார்க்கலாம். பாட் ஷாண்டாவில் இறங்கி எஸ்1 உள்ளூர் ரயிலுக்கு மாறி ராத்தன் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கே எல்பேயைக் கடக்க ஒரு படகு, பிறகு மேலே ஏற்றம். படி ஏறிப் பழகியவர்களுக்கு நாற்பது நிமிடம். அன்றைக்கு டிரெஸ்டனில் மாலை மட்டுமே மிஞ்சும். நல்ல கால் உள்ள இளைஞர்களுக்கு இது அருமையான நாள், அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு வேண்டாம்.

## பேருந்து

ஃப்ளிக்ஸ்பஸ் போன்ற நிறுவனங்களின் வண்டிகள் பிராக் ஃப்ளோரென்ட்ஸ் பேருந்து நிலையத்திலிருந்து டிரெஸ்டனுக்கு நாள் முழுவதும் போகின்றன. விலை ரயிலின் முன்பதிவு விலையைவிடவும் பெரும்பாலும் குறைவு. இறங்குமிடம் டிரெஸ்டன் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது: எல்லைச் சோதனை. காரை ஒரு பார்வையில் அனுப்பிவிடுவார்கள். பேருந்தை ஓரம்கட்டி, ஏறி, ஐம்பது பேரின் ஆவணத்தையும் பார்ப்பார்கள். ஒருவருடைய ஆவணத்தில் சிக்கல் என்றாலும் மொத்த வண்டியும் நிற்கும். எனவே பச்சைக் கருவூலத்துக்கு நேரம் குறித்த சீட்டு வாங்கியிருந்தால் பேருந்து வந்துசேரும் நேரத்துக்கும் சீட்டின் நேரத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். தனியாகப் போகும் மாணவர், கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர், ரயில் விலை ஏறிவிட்டதைப் பார்த்து மனம் தளர்ந்தவர் ஆகியோருக்குப் பேருந்து போதுமானது. காலையில் பேருந்து, மாலையில் ரயில் என்று கலந்தும் போகலாம்.

## வாடகைக் கார், நாமே ஓட்டி

ஒரே ஒரு நாளுக்கு என்றால் எங்கள் கருத்து: வேண்டாம். விலைப்பட்டியலில் காட்டும் தினவாடகை ஆரம்பம்தான், மிச்சம் ஒவ்வொன்றாய் வரும்.

வாடகைக்கு எடுக்கும்போதே எல்லை தாண்டப் போவதைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பல நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும். சொல்லாமல் போய் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. செக் நெடுஞ்சாலைக்கு மின்னணு விக்னெட் வேண்டும். 2021 முதல் கண்ணாடியில் ஒட்டும் வில்லை கிடையாது, வண்டி எண்ணோடு பதிவாகும். 2024 முதல் ஒரு நாள் விக்னெட்டும் கிடைக்கிறது. செக் நாட்டில் பதிவான வாடகைக் காருக்குப் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும், ஆனாலும் எடுக்கும்போது கேட்டு உறுதி செய்யுங்கள். வாங்க வேண்டியிருந்தால் அரசுத் தளத்திலேயே வாங்குங்கள், இடைத்தரகர் தளங்கள் அதே விக்னெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஜெர்மனியில் காருக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கிளம்புமுன் ஊரிலேயே எடுத்து வந்திருக்க வேண்டும், இங்கே வந்து வாங்க முடியாது. செக் நாட்டில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒரு சொட்டு மது குடித்திருந்தாலும் ஓட்டக் கூடாது, அங்கே அனுமதி அளவே பூஜ்யம். வலப்பக்கம் ஓட்டுவது, இடப்பக்க ஸ்டியரிங், ஜெர்மன் பக்கம் பின்னாலிருந்து பாய்ந்து வரும் வண்டிகள். நம்மூரில் இருபது ஆண்டு ஓட்டியவருக்கும் முதல் ஒரு மணி நேரம் வியர்க்கும். குளிர்காலத்தில் எல்லை மலைகளில் மூடுபனியும் பனிப்பொழிவும் உண்டு. வேகக் கட்டுப்பாட்டை மீறிய அபராதம் சில வாரம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக, அவர்களின் நிர்வாகக் கட்டணத்தோடு வீட்டுக்கு வரும்.

டிரெஸ்டனுக்குள் ஒரு நற்செய்தி: பெர்லின், லைப்சிக் போல இங்கே பச்சை வில்லை கேட்கும் மாசுக் கட்டுப்பாட்டு வளையம் இல்லை. ஒரு தொந்தரவு: 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பேக்குள் சரிந்து விழுந்தது. அதன் பிறகு பாலம் முழுவதும் அகற்றப்பட்டதால் பழைய நகரத்துக்கும் அக்கரையிலுள்ள நொய்ஷ்டாட்டுக்கும் இடையே கார்கள் மரியன் பாலத்திலும் ஆல்பர்ட் பாலத்திலும் நெருக்கியடிக்கின்றன. பழைய வழிகாட்டிச் செயலியைப் புதுப்பிக்காமல் நம்ப வேண்டாம். காரை நொய்மார்க்ட் அல்லது ஆல்ட்மார்க்ட் நிலத்தடி நிறுத்தத்தில் விட்டுவிட்டு மாலை வரை நடங்கள்.

வாடகைக் கார் எப்போது சரி? டிரெஸ்டனில் ஒரு இரவு தங்கி, மறுநாள் கோனிக்ஸ்டைன் கோட்டை, மைசன் பீங்கான் நகரம் என்று சுற்றப்போகிறீர்கள் என்றால் அப்போது அது தன் காசுக்கு உழைக்கும்.

## எல்லையில்: நான்கு வழிக்கும் பொது

செக்கும் ஜெர்மனியும் ஷெங்கன் பகுதிக்குள் என்பதால் ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவே போதும். டிரெஸ்டன் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவாகக் கணக்கில் வராது. இதைக் கேட்டுக் கலங்குகிறவர்கள் நிறையப் பேர், கலங்க வேண்டாம்.

ஆனால் 'ஷெங்கனுக்குள் சோதனையே இல்லை' என்று நினைத்து பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவது பெரிய தவறு. ஜெர்மனி 2023 அக்டோபர் முதல் செக் எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளுக்கும் அதை விரித்தது. ரயிலில் ஜெர்மன் கூட்டரசுக் காவலர்கள் எல்லைப் பகுதியில் ஏறிப் பெட்டி பெட்டியாக வருவார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் அசல் பாஸ்போர்ட்டையும் விசா ஒட்டிய பக்கத்தையும் காட்ட வேண்டும். கைபேசியில் எடுத்த படமும் நகலும் செல்லாது. ஐரோப்பாவில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள் வதிவிட அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோக வேண்டும். லண்டனிலிருந்து வரும் உறவினர் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் பயணிக்கிறார் என்றால் பிரிட்டன் வதிவிட உரிமை இங்கே உதவாது, ஷெங்கன் விசா வேண்டும். தனிக் காரில் போகும்போது ஒருவரைத் திருப்பி அனுப்பினால் மொத்தக் குடும்பமும் திரும்ப வேண்டும், கட்டிய காசு வராது.

## போய்ச் சேர்ந்தபின் நேரத்தை எங்கே செலவிடுவது

எந்த வழி என்று முடிவெடுக்க இதுவும் தேவை. டிரெஸ்டனில் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று தெரிந்தால்தான் எந்த வண்டி என்று சொல்ல முடியும்.

நான்கு மணி நேரமே உண்டு என்றால் வெளியே பார்ப்பது மட்டும். ஃப்ரௌவன்கிர்ஷேயின் சுவரருகே போய் நில்லுங்கள். வெளிர் மஞ்சள் கற்களுக்கு நடுவே அங்கங்கே கறுத்த கற்கள் தெரியும். 1945 பிப்ரவரி 13, 14 குண்டுவீச்சில் எரிந்த தேவாலயம் 15-ஆம் தேதி காலையில் தானே சரிந்தது. அந்தக் குவியல் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1994-இல் தொடங்கிய மீள்கட்டுமானத்தில் இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கற்களைத் திரும்பப் பதித்தார்கள். அவைதான் அந்தக் கறுப்புக் கற்கள். 2005 அக்டோபர் 30-இல் மறுபடி திறந்தது. உள்ளே நுழைவு இலவசம், மாடத்துக்கு ஏறக் கட்டணம். நண்பகல் வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் 102 மீட்டர் நீளப் பீங்கான் ஓட்டுச் சுவரில் சாக்சனி ஆட்சியாளர்களின் ஊர்வலம்.

ஆறு ஏழு மணி நேரம் இருந்தால் ஒரே ஒரு அருங்காட்சியகத்தைச் சேருங்கள், இரண்டு வேண்டாம். ஓவியம் பிடித்தவர்களுக்கு ட்ஸ்விங்கரில் ரஃபாயேலின் சிஸ்டைன் மடோனா. மற்றவர்களுக்கு, குறிப்பாக நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு, அரச மாளிகையில் உள்ள புதிய பச்சைக் கருவூலத்தைச் சொல்வோம். அங்கே ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார் இருக்கிறது: டிங்லிங்கர் என்ற அரண்மனைப் பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை செய்தது. ஒரு மேசை அளவுத் தளத்தில் பொன்னும் மணியும் எனாமலும் சேர்த்து, விரல் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் விலங்குகளும். செய்தவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, பயணிகளின் குறிப்புகளை வைத்துக் கற்பனை செய்திருக்கிறார். யானைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தால் எது நம்முடையது, எது அவருடைய கற்பனை என்று கண்டுபிடித்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விடும். இந்தியச் சுரங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் 41 காரட் டிரெஸ்டன் பச்சை வைரமும் இதே கருவூலத்தில்தான்.

கீழ்த்தளத்தில் உள்ள வரலாற்றுப் பச்சைக் கருவூலம் வேறு. அதற்கு நேரம் குறித்த தனிச் சீட்டு, குறைந்த எண்ணிக்கையில்தான் விடுவார்கள். 2019 நவம்பர் 25-இல் திருட்டு நடந்தது இங்கேதான். பெரும்பகுதி நகைகள் மீட்கப்பட்டு 2024-இல் திரும்பக் காட்சிக்கு வந்துவிட்டன. சீட்டைப் பயணச்சீட்டுக்கு முன்பே வாங்குங்கள். அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு ரயிலையோ காரையோ முடிவு செய்தால் வம்பில்லை.

சைவச் சாப்பாட்டுக்குப் பழைய நகரச் சதுக்கங்களைவிட ஆற்றுக்கு அப்பாலுள்ள நொய்ஷ்டாட் நல்லது. அகுஸ்டஸ் பாலத்தை நடந்தே தாண்டினால் பழைய நகரத்தின் முழுத் தோற்றமும் முதுகுக்குப் பின்னால் விரியும்.

## யாருக்கு எது

இரண்டு மூன்று பேர், அருங்காட்சியகம் பார்க்க ஆசை: ரயில். ஒரு மாதத்துக்கு முன்பே சீட்டு.

பெற்றோர், குழந்தைகள் என்று ஐந்தாறு பேர்: தனி வேன். பாஸ்டையைச் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பேசுங்கள். பத்து மணி நேரத்தில் இரண்டையும் அடைக்கப் பார்த்தால் இரண்டுமே குறைந்துபோகும்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் சந்தை: 1434 முதல் நடக்கும் ஷ்ட்ரீட்ஸல்மார்க்ட் விளக்கேற்றிய பின்தான் அழகு. மாலையில் நகர மையத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பாடு. ரயிலில், இருக்கை முன்பதிவோடு.

நாளைக்கே போக வேண்டும், கையில் காசு குறைவு: காலைப் பேருந்து.

ரயிலில் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஹ்லாவ்னி நாட்ராஷிக்கு முன்பே பிராக் ஹோலெஷோவிட்ஸே நிலையத்தில் நிற்கும். தங்குமிடம் நகரின் வடபகுதியில் என்றால் அங்கேயே இறங்கி மெட்ரோ சி பாதையில் ஏறிக்கொள்ளலாம், அந்த வேளையில் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சம்.